ஜமக்காளக் காற்று

என் நைனா கோவிந்தசாமி தாலுகா ஆபீஸிலிருந்து ரிடையராகி வெகு காலமாகிறது. ஆனாலும் டிவியில் புயல் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் உடனே டூட்டியில் சேர்ந்துவிடுவார். வேலையில் இருந்தபோது மரக்காணம் பக்கம் புயல் பாதுகாப்புப் பணிக்குப் போய், அது அடித்ததை நேரில் பார்த்தவர். அன்றிலிருந்து வானிலை அதிகாரிகளெல்லாம் அவருக்குச் சின்னப் பசங்கள்.

அவரிடம் சொந்தமாக ஓர் அளவுகோல் உண்டு. மொட்டை மாடிக் கொடியில் ஒரு துண்டு, ஒரு லுங்கி, தண்ணீரில் முக்கி எடுத்த ஒரு ஜமக்காளம் மூன்றையும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். துண்டு பறந்தால் சும்மா காற்று. லுங்கி பறந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். ஈர ஜமக்காளம் எழும்பினால்தான் புயல். சிரிக்காதீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் துணியே துவைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை புயல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை என் அண்ணன் இனியனுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் பெண் அழைப்பு. வல்லத்துக்கு வேன் அனுப்பி, மணப்பெண் வெண்மதியை எங்கள் ஊரான செஞ்சிக்கு அழைத்து வர வேண்டும். இந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை எங்கள் பங்காளி வீட்டில் சாவு. அடுத்த முறை, வாத்தியாரான அண்ணனைத் தேர்தல் வேலைக்குப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். வேனை அனுப்புவதா வேண்டாமா என்று வீடே நைனாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாடியில் துண்டு படபடத்தது. லுங்கி அரை மனதாக ஆடியது. ஜமக்காளம் மட்டும் விருந்து சாப்பிட்ட சம்பந்தி மாதிரி அசையாமல் கிடந்தது.

"லுங்கியே முழுசா எழும்பல. இதுக்குப் போய் டிவிக்காரன் இன்னா கத்து கத்துறான்! சாப்டதும் வேன் கிளம்பட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெண்மதி எனக்குப் போன் செய்தாள்.

"பாரதி, எதிர் வூட்டு கூரை ஷீட்டு பறந்துபோய் வயல்ல கெடக்குது. மாமா இன்னா சொல்றாரு?"

"லுங்கிக் காத்துதானாம்."

"அந்த லுங்கியை எடுத்துக்கினு கொஞ்சம் இங்க வரச் சொல்லு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "மாமா வரச் சொன்னா வரேன். ஆனா ரோட்டோரத்துப் புளியமரம் வேன் மேலயே வுழற மாதிரி ஆடுது பாரதி."

அம்மா பூ வாங்கிவரச் சொன்னதால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெரு செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குத் தெற்கே, அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. தெருவைத் தாண்டி, மலையின் மறைப்பு விட்ட இடத்துக்கு வந்தேனோ இல்லையோ, வடக்கேயிருந்து வந்த காற்று என்னையும் வண்டியையும் சேர்த்துச் சாக்கடைப் பக்கம் தள்ளியது. காலை ஊன்றித் தப்பித்தேன். பூவாவது ஒன்றாவது என்று அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன்.

"நைனா, மலை மறைச்சிக்கினு இருக்குது. அதான் நம்ம கொடியில ஒண்ணும் ஆடல. வெளிய போய்ப் பாரு, ஆளைத் தூக்குது."

"மலை இன்னா நேத்தா வந்துச்சு? இத்தினி வருசமா இதே கொடியிலதான் பாக்குறேன். ஒரு தடவை தப்பியிருக்குதா?"

"வரேன்னு சொன்ன புயலெல்லாம் ஆந்திராவுக்குப் போயிடுச்சு. அப்புறம் எப்படித் தப்பும்?"

நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜமக்காளத்தைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "வண்டியை எடு" என்றார். சொட்டச் சொட்டப் பின்னால் உட்கார்ந்து வந்ததில் என் முதுகும் நனைந்தது.

அதே இடத்தில் நிறுத்தினேன். நைனா இறங்கி, ஜவுளிக்கடைக்காரர் சேலையை விரித்துக் காட்டுவதுபோல ஜமக்காளத்தின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான். அது புசுக்கென்று உப்பி, அவரைத் தலை முதல் முழங்கால் வரை சுற்றி, தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஒரு சேற்றுக் குட்டையில் உட்கார வைத்தது. ஜமக்காளத்துக்குள்ளிருந்து, "பாரதி! பாரதி!" என்று சத்தம் மட்டும் வந்தது.

அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை. சேற்றிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை.

"ரெண்டு தடவை தள்ளிப்போனதுக்கே, பொண்ணோட ராசி எப்படின்னு ஆண்டாளு கேட்டா" என்றார். ஆண்டாள் அத்தை அவருடைய தங்கை. "மூணாவது தடவையும் தள்ளிப்போட்டா அந்தப் பொண்ணைத்தானே பேசுவாங்க? காத்து கம்மியா இருக்கணுமே இருக்கணுமேன்னு பாத்தேன். கம்மியாவே தெரிஞ்சுது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நேரமும் இவருடைய வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. போனை வாங்கி அவரே வெண்மதியிடம் பேசினார்.

"கண்ணு, நீ வராத. வூட்டை வுட்டு வெளிய கால் வைக்காத."

"கல்யாணம், மாமா?"

"மொதல்ல நீ பத்திரமா இரு. அப்புறந்தான் கல்யாணமெல்லாம்."

வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஆண்டாள் அத்தை அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மூணாவது தடவையுமா? நான் அப்பவே சொன்னேன், அந்தப் பொண்ணு..."

"நிறுத்து ஆண்டாளு" என்றார் நைனா. வேட்டியெல்லாம் சேறு. நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். "மொத தடவை செத்தது நம்ம பங்காளி. ரெண்டாவது தடவை டூட்டி வந்தது நம்ம பையனுக்கு. இந்தத் தடவை, எனக்குக் காத்து பாக்கத் தெரியல. மலைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு புயலே இல்லைன்னு சொன்னேன். எனக்குத் தெரியல, ஆண்டாளு. சரியாப் பாத்தது அந்தப் பொண்ணு ஒருத்திதான். ராசி பாக்கணும்னா நம்ம வூட்டு ராசியைப் பாரு."

'எனக்குத் தெரியல' என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அத்தை கீழே வைத்த அப்பளத்தை எடுத்துச் சாம்பார் சாதத்தில் நொறுக்கிப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரிண்ணா, அப்ப கல்யாணத்தை எப்ப வச்சிக்கலாம்?" என்றார்.

"வெண்மதியைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் நைனா.