மகன் வருவான் என்றவர்

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துப் படகுக் குளத்தில் டிக்கெட் கிழிக்கும் அனுசியாவுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அருவியில் குளித்த ஈரத்தோடே ஜனம் வந்து வரிசையில் நிற்கும். அந்த ஞாயிறு காலை ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. புருஷன், பெஞ்சாதி, இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர். டிக்கெட் நாலுதான் எடுத்தார்கள். பெரியவரைக் கவுன்ட்டர் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் படகேறினார்கள்.

"என் பேரு பிச்சுமணி. அவன் என் மகன் மகாதேவன், மதுரையில இன்ஜினீயர்" என்று அவராகவே பேச்சுக் கொடுத்தார். "முட்டு வலிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னு கூட்டிட்டு வந்திருக்கான்."

படகு கரை சேர்ந்ததும் மகன் ஒரு பையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். "இங்கனயே இருங்கப்பா. வண்டியத் திருப்பிட்டு வாரேன்."

பன்னிரண்டு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. "கூட்டம்லா, வண்டி மாட்டியிருக்கும். வருவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அனுசியா தன் தயிர்ச்சோற்றில் பாதியைக் கொடுத்தாள். கை துடைக்கத் துண்டு தேடிப் பையைத் திறந்தார். நாலு வேட்டி, சட்டைகள், அடியில் மூன்று மாதத்துக்கான மாத்திரை. அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகன் பேச்சையே எடுக்கவில்லை.

சாயங்காலம் போலீஸ்காரர் சுபாஷ் வந்து விசாரித்தார்.

"பேரு சண்முகம். பிள்ளை குட்டி கெடையாது. நானாத்தான் பஸ் ஏறி வந்தேன்" என்றார் பெரியவர்.

சுபாஷ் போன் பேச அந்தப் பக்கம் நகர்ந்ததும், "ஏன் ஐயா பொய் சொல்லுதீய? நான் சொல்லட்டுமா?" என்றாள் அனுசியா.

"வேண்டாம்மா. போலீசு கூப்பிட்டா வருவான், கூட்டிட்டும் போவான். அடுத்த மாசம் வேற ஊர்ல விடுவான். அங்க எவன் சோறு போடுவான்?"

திரும்பி வந்த சுபாஷிடம் அவள் மகனைப் பற்றிச் சொல்லவில்லை. தென்காசியில் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் போய்ப் பார்த்தாள். முட்டு வலியைப் பற்றிப் பேசுவார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தைச் சொல்லுவார்.

ஐப்பசி அடைமழையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. காய்ச்சலில் போய்விட்டாராம்.

"வேற யாருக்கும் சொல்லணுமா?" என்று இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் லோகநாயகி போனில் கேட்டாள்.

மதுரை, மகாதேவன், இன்ஜினீயர். தேடினால் அகப்படாதவன் இல்லை.

"யாருமில்லக்கா."

மயானத்தில் மகனுக்குப் பதிலாக இல்லத்துக் காவலாள் கொள்ளி வைத்தார். தகனச் சீட்டில் சண்முகம் என்றே எழுதியிருந்தார்கள். அதற்கப்புறம் மதுரை வண்டி எது வந்து நின்றாலும், டிக்கெட் கொடுக்குமுன் உள்ளே இருக்கிறவர்களை ஒரு தரம் எண்ணிக்கொள்வாள்.