இருபத்தாறு விநாடி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரின்சி வீட்டுக்குப் போவதில்லை. கும்மிடிப்பூண்டியில் அவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் சிறுவர் வகுப்பு நடக்கும் அறை ஒன்று உண்டு. மதியம் இரண்டு மணி வரை அங்கே உட்கார்ந்து, பழைய லேப்டாப்களை ஓடவைக்க லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பாள். மற்ற நாட்களில் சிப்காட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. அங்கே கூட வேலை செய்யும் ஸ்டீபனும் ஞாயிறன்று உதவிக்கு வருவான்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுல எது நல்லது?" லினக்ஸில் பல வகை; உபுண்டு என்று ஒருவர் சொல்லியிருப்பார், டெபியன் என்று இன்னொருவர். பிரின்சி அதற்குப் பதில் சொல்லாமல், "இத வெச்சி நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் தேர்ந்தெடுப்பாள்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு முனுசாமி வந்தார். எளாவூர்க்காரர். ஐம்பத்திரண்டு வயது. இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் லோடு ஏற்றும் வேலையில் இருந்தவர், முதுகு போய்விட்டதால் ஸ்டோர் பிரிவுக்கு மாறச் சொல்லியிருந்தார்கள். ஸ்டோரில் எல்லாம் கம்ப்யூட்டர். மூன்று மாதத்துக்குள் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. "எம் பொண்ணுது ம்மா. பூமிகா. கல்யாணம் ஆயி காக்களூருல கீது. இது அலமாரியில சும்மாதான் கெடந்துச்சி. போட்டா அரை அவரு ஆவுது, தொறக்கவே மாட்டேங்குது."

பிரின்சி பார்த்தாள். நினைவகம் குறைவு, ஹார்ட் டிஸ்க் பழசு. "மின்ட்னு ஒண்ணு இருக்குதுண்ணா. அதுல லேசான வகை போட்டா இது நல்லா ஓடும். கணக்குப் போடுற அட்டவணை, டைப் அடிக்கறது எல்லாம் அதிலியே வரும்."

"நீ எத்த சொல்றியோ அது."

அன்று காலையிலிருந்து இரண்டு முறை கரண்ட் போயிருந்தது. அறைக்கு வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். பிரின்சி பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி, டிஸ்க் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். நான்கு ஃபோல்டர்கள். படிப்புக் குறிப்புகள், ப்ராஜெக்ட், போட்டோ, கடைசியாக ஒன்று, ஆங்கில எழுத்தில் 'அம்மா'.

"அண்ணா, உள்ள இருக்கறது எதுனா வேணுமா?"

"எல்லாம் அது படிச்ச காலத்துது. இன்னாத்துக்கு? அழிச்சிடு ம்மா."

பிரின்சியின் விரல் ஒரு கணம் நின்றது. திறந்து பார்க்கலாமா என்று நினைத்தாள். வெளியே குழந்தையோடு நின்ற ஒரு பெண், "இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள். பிரின்சி 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. முனுசாமி புதுத் திரையைப் பார்த்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் வாரம் தவறாமல் போன் செய்தார். வைஃபை வரவில்லை, தமிழில் எப்படி அடிப்பது, எழுத்து பொடிசாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் பிரின்சி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாள் தன் பெயரைத் தானே தமிழில் அடித்துவிட்டதாகப் போன் செய்து சொன்னார்.

மே மாதம் பதினெட்டாம் தேதி, ஆராதனை முடிந்து பிரின்சி அறையைத் திறக்கும்போது, வாசலில் அவரோடு ஒரு இளம்பெண் நின்றிருந்தாள். கையில் அந்த லேப்டாப். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீங்கதான் இத்த அழிச்சதா?" என்றாள் பூமிகா.

மறுநாள் அவள் அம்மாவுக்குத் தெவசம். அதற்காக ஊருக்கு வந்தவள் லேப்டாப்பைத் திறந்து தேடியிருக்கிறாள். அம்மா சின்னப்பொண்ணு எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை வைத்திருந்தவள். கொரோனாவின் முதல் ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, பொழுது போகாமல் பூமிகா அம்மாவைப் பேசவைத்துப் போனில் பதிந்திருக்கிறாள். அறுபது, எழுபது பதிவுகள். போன் நிறைந்துபோனதும் அத்தனையையும் லேப்டாப்பில் போட்டாள். அடுத்த வருடம் இரண்டாவது அலையில் அம்மா போய்விட்டாள். மருத்துவமனையில் முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை.

"அதுக்கப்புறம் என்னால அத்த கேக்க முடியில அக்கா. நாலு வருசம். இந்தத் தெவசத்துக்கு நைனாவோட உக்காந்து கேக்கலாம்னு மனச தேத்திக்கினு வந்தேன்."

முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனுக்குத் தெரியாது ம்மா. இதுல அவ கொரல் கீதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. நாந்தான் அழின்னு சொன்னேன். இந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத."

அத்தோடு விட்டிருக்கலாம். முனுசாமி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாயிற்று. ஸ்டீபன்கூட பிரின்சியின் முழங்கையைத் தொட்டு, 'நீ கேட்டுட்டுத்தானே பண்ணே' என்பது போலப் பார்த்தான். பிரின்சியால் முடியவில்லை.

"அந்த ஃபோல்டர நான் பாத்தேன்," என்றாள். "அம்மான்னு பேரு போட்டிருந்திச்சி. தொறந்து பாக்கணும்னு தோணிச்சி. கூட்டமா இருந்திச்சின்னு பாக்காம விட்டுட்டேன்."

பூமிகா அவளையே பார்த்தாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பேர பாத்துட்டு அழிச்சீங்களா?"

பூமிகா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். "நானும் இன்னொரு காப்பி எடுத்து வெக்கல," என்று அதற்குள்ளிருந்தே சொன்னாள்.

அழித்த டிஸ்க்கிலும் தேடினால் சிலது கிடைக்கும். ஆனால் புதிதாக எழுதப்பட்ட இடத்தில் பழசு இருக்காது. முனுசாமி ஆறு வாரம் அதை ஓட்டியிருக்கிறார். அவர் டைப் அடித்துப் பழகிய பக்கங்கள், போட்ட அப்டேட்டுகள், எது எதன் மேல் விழுந்ததோ தெரியாது. பிரின்சி இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டாள்.

தேடும் நிரல் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, கிடைத்ததை வெளியே எடுத்துப் போட்டது. கிடைத்த எதற்கும் பழைய பெயர் இல்லை, வெறும் எண்கள். ஆயிரக்கணக்கில் குப்பை. பிரின்சி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழு போட்டோ வந்தது. ஒன்றில் இட்லித் தட்டு ஏந்திய கை மட்டும் இருந்தது, மேலே எல்லாம் சாம்பல் நிறம். இன்னொன்றில் சிரிக்கும் வாய் வரை இருந்தது, கண்கள் இல்லை. ஒலிப் பதிவுகள் மூன்று. முதல் இரண்டில் வெறும் இரைச்சல். மூன்றாவதில் ஒரு பெண் பேசினாள்.

"ஏய் பூமி, அத்த கீய வையி. எந்நேரமும் போன புடிச்சிக்கினு. உங்க நைனா வர்ற நேரமாச்சி, அடுப்புல கொழம்பு கீது." பின்னால் பூமிகா ஏதோ கெஞ்சுகிறாள். அந்தப் பெண் சிரிக்கிறாள். "இன்னா பேசறது? எனுக்கு பேச இன்னா கீது, சொல்லு…"

அங்கே அறுந்தது. இருபத்தாறு விநாடி. பிரின்சி மற்ற எண்களையும் இரண்டு தடவை திறந்து பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து பஸ் பிடித்து எளாவூர் போனாள். தெவசம் முடிந்து, வந்த உறவுகள் போயிருந்தார்கள். சுவரில் சின்னப்பொண்ணுவின் படத்துக்குப் போட்ட மாலை வாடத் தொடங்கியிருந்தது. பிரின்சி லேப்டாப்பைக் கொடுத்து, பதிவு அதிலும் இருக்கிறது, தனியாக ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது என்றாள். எவ்வளவு கிடைத்தது என்று சொன்னாள்.

பூமிகா பென் டிரைவை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "நீங்க கேட்டீங்களா, அக்கா?"

"எதுன்னு தெரிஞ்சிக்க கேட்டேன்."

"எங்களுக்கு முன்னாடி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க போங்க."

முனுசாமி ரோடு வரை கூட வந்தார். பிரின்சி பஸ்ஸில் ஏறும்போது, "சாப்டு போம்மான்னு சொல்ல வாய் வரல. தப்பா எடுத்துக்காத," என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் பிரின்சி அந்த அறைக்குப் போகவில்லை. ஸ்டீபன் தனியாகச் சமாளித்தான். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொன்னான். கம்பெனியில் ஒரு நாள் அவளிடம், "நீ சொல்லாம இருந்திருந்தா அவங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்," என்றான். இருக்கலாம் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனாலும் சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. பார்க்காமல் விட்டதற்காகத்தான் வருந்தினாள். சாப்பிடும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த நான்கு ஃபோல்டர்கள் கண் முன் வந்து வந்து போயின.

ஜூன் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. முனுசாமி.

"நல்லா கீறியா ம்மா? எனுக்கு ஸ்டோர்ல வேலை குடுத்துட்டாங்க. இன்னைக்கு லீவு. பூமி இன்னும் உம் பேச்ச எடுத்தா எழுந்து போயிடுது. நீ வருத்தப்படாத." பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "இதுல சத்தம் வரல ம்மா. அமுக்கறேன், கோடு ஓடுது, சத்தம் வரல."

எதை அமுக்குகிறார் என்று அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வெளியே வேப்ப மரத்தடிக்கு வந்தாள்.

"கீழ வலது ஓரத்துல ஸ்பீக்கர் படம் இருக்குதா அண்ணா? அதுல குறுக்கே கோடு போட்டிருக்கா?"

"இல்ல."

"அத ரைட் கிளிக் பண்ணுங்க. சத்தம் எது வழியா வரணும்னு ரெண்டு பேரு காட்டும். டிவிக்குப் போறது ஒண்ணு இருக்கும். அது வேணாம், இன்னொண்ண தொடுங்க."

"தொட்டேன்."

"இப்ப போட்டுப் பாருங்க."

போனில் முதலில் கரகரவென்று கேட்டது. பிறகு அந்தக் குரல். அத்த கீய வையி என்றது. நைனா வர்ற நேரமாச்சி என்றது. சிரித்தது. எனுக்கு பேச இன்னா கீது என்று கேட்டு நின்றது.

அந்தப் பக்கம் ஹைவேயில் போகும் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. முனுசாமி மூக்கை உறிஞ்சினார்.

"கொழம்பு கீதுன்னு சொல்றா பாத்தியா," என்றார். அப்புறம், "இன்னொரு தபா போடணும்னா எத்த அமுக்கணும்?"

"அதே முக்கோணத்தத்தான் அண்ணா."

அவர் போனை வைக்காமலேயே மறுபடியும் அமுக்கினார்.