தொண்ணூற்றாறு ‘ம்’

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய பெயரை யாரும் எழுதியதுமில்லை, கூப்பிட்டதுமில்லை. ஓயாமல் பேசுகிற பிள்ளை என்று அண்ணன்தான் முதன்முதலில் ‘ரேடியோ’ என்றான். ஒட்டிக்கொண்டது.

அந்த ரேடியோ வளர்ந்து, கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் ஊடகமும் தகவல் தொடர்பும் படிக்கப் போகிறாள் என்றதும் சொந்தபந்தத்தில் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

“அப்போ டிவியில வருவியா?” என்றாள் அத்தை.

“இல்ல அத்தை, ரேடியோ.”

“ரேடியோ நீதான்னு எனக்குத் தெரியாதா? படிப்பு என்னன்னு கேட்டேன்.”

பெரியப்பா ஒரு படி மேலே போனார். தகவல் தொடர்பு என்றால் தொலைபேசிதான் என்று முடிவு கட்டி, “பொண்ணு போன் ரிப்பேர் படிக்கப் போகுது” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கிளம்புகிற அன்று இரண்டு பேர் உடைந்த போனோடு வாசலில் வந்து நின்றார்கள்.

போன ஊரில் அண்ணன் வீடு இருந்தது. அண்ணனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன், தன் வீட்டுக்கு மட்டும் அறுபத்திரண்டு படி ஏறித்தான் வரவேண்டும். நாலாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கூடத்துச் சோபாதான் ரேடியோவுக்குக் கட்டில்.

அண்ணி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ரேடியோ வந்த முதல் மாதம் அவள் பேசியதெல்லாம் “சாப்பிட்டியா”, “கதவைச் சாத்து”, இவ்வளவுதான். ஆனால் கல்லும் கரையத்தானே செய்யும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் துணி மடிக்க உட்காருவார்கள். ரேடியோ ஏதாவது கேட்பாள். அண்ணி ஒரு வாக்கியம் சொல்வாள். ரேடியோ “ம்” என்பாள். அண்ணி இன்னொரு வாக்கியம் சொல்வாள். இப்படியே மூன்று மாதத்தில் அண்ணி வாக்கியத்திலிருந்து கதைக்கு வந்துவிட்டாள்.

அதனால்தான், உழைக்கும் ஒருவரை ஏழு நிமிடம் பேட்டி எடுத்து வரச் சொல்லி வகுப்பில் வேலை கொடுத்தபோது, எந்த மொழியானாலும் சரி, மொழிபெயர்ப்பை எழுதிக் கொடுத்தால் போதும் என்றபோது, ரேடியோ யோசிக்கவே இல்லை. அண்ணியைப் பேச வைத்துப் பதிந்துகொண்டு போனாள்.

பாடம் எடுத்தவர் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள். காதில் மாட்டும் பெரிய ஹெட்போன் எந்நேரமும் டாக்டர் குழாய் மாதிரி கழுத்தில் தொங்கும். மூன்று அறை தள்ளி யாராவது பேனாவைக் கீழே போட்டாலும் திரும்பிப் பார்ப்பார். ரேடியோ அவருக்கு மனசுக்குள் ‘காதம்மா’ என்று பெயர் வைத்திருந்தாள்.

காதம்மா பன்னிரண்டு மாணவர்கள் முன்னால் அந்தப் பதிவைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினார்.

பேட்டி எடுக்கும்போது பின்னால் ஏதாவது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள் ரேடியோ. குளிர்சாதனப் பெட்டி? அதுவும் இல்லை. அப்படியானால் விட்டு விட்டுக் கேட்கிற இந்த ‘ம்’ என்கிற ஒலி?

“அது... நான்தான்” என்றாள் ரேடியோ.

வகுப்பு சிரித்தது. காதம்மா சிரிக்கவில்லை. அவர் முன்னாலேயே முழுவதையும் கேட்டு எண்ணி வைத்திருந்தார். ஏழு நிமிடத்தில் தொண்ணூற்றாறு ‘ம்’. அது போக, அர்த்தம் தெரியாமல் அவர் காதால் கேட்டு எழுதி வைத்திருந்த ‘அப்ரம்’ பதினொன்று, ‘அடபாவ்மே’ நாலு.

பேசுகிறவர் குரலின் மேல் விழுந்த குரலை வெட்டி எடுக்க முடியாது, வெட்டினால் அவருடைய சொல்லும் சேர்ந்து போய்விடும், கேட்கத் தெரியாதவருக்கு வானொலி இல்லை என்றார் காதம்மா. இரண்டு வாரம் தருகிறேன். அதே ஆள், அதே ஏழு நிமிடம். பேட்டி எடுப்பவரின் சத்தம் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த ஆண்டு விளம்பரப் பிரிவுக்குப் போய்விடு.

வானொலிக்காகத்தானே ரேடியோ இவ்வளவு தூரம் வந்தாள்? விளம்பரம் எழுதவா அம்மாவை அழ வைத்துவிட்டு விமானம் ஏறினாள்?

நம் ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கேட்கிறவர் ம் கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை ஓடாது. ‘ம்’ என்றால் ஆமாம் என்று அர்த்தமில்லை. இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல்லு என்று அர்த்தம். கேட்கத் தெரியும் என்பதற்கு அதுதானே அடையாளம்! இதை அந்த ஊர்ப் பாஷையில் விளக்க ரேடியோ வாயெடுத்தாள். வந்தது என்னவோ மறுபடியும் ஒரு ‘ம்’தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியை மறுபடி உட்கார வைத்தாள். பதிவுக் கருவியை நடுவில் வைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“காலையில ஏழு மணிக்குத் துணி வண்டி வரும்” என்று ஆரம்பித்தாள் அண்ணி. நிறுத்தினாள். காத்திருந்தாள். “மூட்டை மூட்டையா இறக்குவாங்க.” மறுபடி நிறுத்தினாள். ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். “என்னடி, கோபமா?”

“இல்ல அண்ணி, நீங்க பேசுங்க.”

“தப்பா எதுவும் சொல்லிட்டேனா?”

தலையை ஆட்டிப் பார்க்கலாம் என்று அடுத்த நாள் முயன்றாள். அண்ணிக்குக் கையில் துணி இல்லாமல் பேச வராது. துணி மடிக்கிறவள் துணியைப் பார்ப்பாளா, நாத்தனார் தலையைப் பார்ப்பாளா? “கேக்கறியா, தூங்கிட்டியா?” என்றாள்.

மூன்றாம் முயற்சிக்கு அண்ணன் ஒரு யோசனை சொன்னான். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டால் எப்படி ‘ம்’ வரும் என்று பார்ப்போம் என்றான். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பி ரேடியோ உட்கார்ந்திருக்க, அண்ணி ஒரே ஒரு தரம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். அண்ணி சிரித்து, ரேடியோ சிரித்து, தண்ணீர் முழுக்க அண்ணன் சட்டையில். பதிவுக் கருவி தப்பியது தெய்வாதீனம்.

“உங்க தங்கச்சிக்கு யோசனை சொல்ல வேற ஆளே கிடைக்கலியா?” என்றாள் அண்ணி, துண்டை எடுத்து அவன் மேல் எறிந்து.

இரண்டு நாள்தான் மீதி. சாயங்காலம் சோபாவில் சுருண்டு கிடந்தாள் ரேடியோ. வாய் ஓயாதவள் வாய் மூடிக் கிடந்தால் வீடு வீடாகவா இருக்கும்? அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை யோசனை சொல்ல வரவில்லை. சும்மா தன் வேலைக் கதையைச் சொன்னான்.

“இன்னிக்கு ஒரு பழைய லிஃப்ட். நான் மேல மோட்டார் ரூம்ல, நம்ம ஆளு கீழ குழியில. போன்லயே பேசிக்கிட்டு வேலை பாக்கறோம். நான் கயித்தைப் பத்தி சொல்லிக்கிட்டே போறேன், அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எனக்கு வேர்த்துப் போச்சு. டேய், ஒரு ‘ம்’மாவது சொல்லுடா, நீ இருக்கியா போயிட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்னு கத்தினேன். அவன் வாயில ஸ்க்ரூவைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.”

ரேடியோ எழுந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா! நீ மேல, அவர் கீழ.”

“ஆமா.”

“அவர் சொல்ற ‘ம்’ உன் காதுல மட்டும்தானே கேக்கும்? ரூம்ல கேக்காதே?”

அண்ணன் தொடையில் தட்டினான். “ஏய் ரேடியோ, உனக்கும் மூளை இருக்குடி!”

மறுநாள் காலை அண்ணியைப் படுக்கையறையில் உட்கார வைத்தார்கள். எதிரொலி வராமல் இருக்கச் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். “வேலையிலயும் போர்வை, வீட்டுலயும் போர்வை. என் தலையெழுத்து” என்றாள் அண்ணி. அவள் முன்னால் பதிவுக் கருவி. மடியில் நாலு தலையணை உறை, மடிப்பதற்கு. காதில் போனின் இயர்போன். கதவைச் சாத்திவிட்டு ரேடியோ சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அண்ணிக்கு போன் போட்டாள். நடுவில் ஒரு சுவர். அண்ணன் படியில் போய் உட்கார்ந்துகொண்டான், ஏறி வருகிறவர்களை மெதுவாக நடக்கச் சொல்ல.

“ஒரே வீட்டுக்குள்ள போன். யாராவது பாத்தா சிரிப்பாங்க” என்றாள் அண்ணி.

“ம்” என்றாள் ரேடியோ, போனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

“ஏழு மணிக்குத் துணி வண்டி வரும். எடுத்ததும் மெஷின்ல போட்டுடக் கூடாது. ஒண்ணொண்ணா உதறணும். உள்ள என்ன இருக்கும்னு சொல்லவே முடியாது. மூக்குக் கண்ணாடி, பல்செட்டு, குழந்தையோட ஒத்தைச் செருப்பு. ஒரு தடவை காது கேக்கற மெஷின். என் கையிலயே கீச்னு கத்துச்சு! உயிரோட எதையோ பிடிச்சுட்டேன்னு தூக்கிப் போட்டுட்டேன்.”

“ம்.”

“அப்புறம் எடுத்துக்கிட்டு மூணு மாடி ஓடினேன். ஒரு பெரியவர் அதை மாட்டிக்கிட்டு என்னைப் பாத்து என்னமோ சொன்னார். பாஷை புரியல. நானும் தமிழ்ல ஏதோ சொன்னேன். அவருக்கு நல்லாவே கேட்டுச்சு, புரியத்தான் இல்ல.”

“ம்.”

அண்ணியின் குரல் கொஞ்சம் தணிந்தது. முகம் தெரியாத சுவர் கொடுத்த தைரியமோ என்னவோ.

“வந்த புதுசுல எனக்குப் பேச ஆளே கிடையாது. உங்க அண்ணன் விடியறதுக்குள்ள போயிடுவார். சலவைப் பிரிவுல எல்லாரும் அவங்க பாஷையில பேசிப்பாங்க. கடைசியில ஒரு பெரிய மெஷின் இருக்கு, துணி காய வைக்கறது. அது ஓடறப்போ ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வரும். ஒரு நாள், என்னையும் அறியாம அதுகிட்ட சொல்ல ஆரம்பிச்சுட்டேன். நேத்து படியில வழுக்கிட்டேன்னேன். ம்ம்ம்னுச்சு. அம்மா குரலைக் கேட்டுப் பத்து நாளாச்சுன்னேன். அதுக்கும் ம்ம்ம். ரெண்டு வருஷம் அதுகிட்டதான் எல்லாத்தையும் சொன்னேன். அரை மணி ஆனா டொக்குனு நின்னுடும். நானும் நிறுத்திப்பேன். மீதி மறுநாளைக்கு.”

சமையலறையில் ரேடியோ தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வந்தப்புறம் அதுகிட்டப் பேசறதே இல்ல. போன வாரம் அந்தப் பக்கமா போனேன். அது பாட்டுக்கு ம்ம்ம்னுது. பாவமா இருந்துச்சுடி.”

தொண்ணூற்றாறு தடவை தானாக வந்த ‘ம்’ தொண்ணூற்றேழாவது தடவை வர மாட்டேன் என்றது.

“ரேடியோ?” என்றாள் அண்ணி. “இருக்கியாடி?”

இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ரேடியோ மூச்சை இழுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, “ம்!” என்றாள். அது போன் வழியாகவும் போனது. சுவர் வழியாகவும் போனது.

பல்கலைக்கழகத்தின் ஒலிக்கூடத்தில் அன்று மத்தியானம் அவள் பதிவைக் கேட்டபோது எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அண்ணியின் குரல், தலையணை உறை மடிக்கிற சரசரப்பு. கடைசியில் மட்டும் “இருக்கியாடி?”க்குப் பிறகு, சுவருக்கு அப்பாலிருந்து மங்கலாக ஒரே ஒரு ‘ம்’. அதன் மேல் வேறு குரல் எதுவும் விழவில்லை. ஒரு விரல் அசைவில் வெட்டிவிடலாம். வெட்டினால் வானொலிப் பிரிவு. விட்டால் காதம்மா சொன்னது சொன்னதுதான்.

வெட்டியும் பார்த்தாள். “இருக்கியாடி?” என்று அண்ணி கேட்டாள். பதில் இல்லை. பேட்டி முடிந்தது. மறுபடி போட்டாள். “இருக்கியாடி?” பதில் இல்லை. எத்தனை தடவை போட்டாலும் அண்ணி கேட்டுக்கொண்டே இருப்பாள், யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள்.

போனால் போகட்டும் விளம்பரப் பிரிவுக்கு என்று, வெட்டியதைத் திருப்பி வைத்தாள்.

காதம்மா மொழிபெயர்ப்புத் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி ஏழு நிமிடமும் கேட்டார். அந்த ‘ம்’ வந்தபோது ஒரு புருவம் மட்டும் உயர்ந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

இது தவறிப்போய் விழுந்ததா என்று கேட்டார்.

“இல்லை. நான்தான் விட்டு வைத்தேன்.”

காதம்மா தாளைத் திருப்பி, அண்ணி இயந்திரத்திடம் பேசிய இடத்தை இன்னொரு தரம் படித்தார். பேனாவை எடுத்து மேலே ‘தேர்ச்சி’ என்று எழுதினார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, இவ்வளவையும் பதிந்தாயே, அந்த இயந்திரத்தின் சத்தம் எங்கே, அது இல்லாமல் இதை எப்படி மாணவர் வானொலியில் ஒலிபரப்புவது, போ, போய் ஒரு நிமிடம் எடுத்து வா என்றார்.

மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி அண்ணியே அவளை உள்ளே அழைத்துப் போனாள். ஈர வெள்ளைத் துணி மலை மலையாகக் குவிந்திருந்தது. கடைசியில், வட்டக் கண்ணாடிக் கதவோடு, ஆள் உயரத்துக்கு நின்றது அந்த மெஷின். அண்ணி துணியைத் திணித்துக் கதவை அறைந்து சாத்திப் பொத்தானை அமுக்கினாள். ரேடியோ பதிவுக் கருவியை நீட்டிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ம்ம்ம்ம்” என்றது மெஷின்.

அண்ணி இடுப்பில் கை வைத்து, ரேடியோவையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாத்தியா? உன்னைவிட நல்லா கொட்டுது.”

“ம்” என்றாள் ரேடியோ.

பதிவு கெட்டது. முதலிலிருந்து எடுத்தார்கள்.