இரண்டு கப்பும் கெட்டி

டோரிஸ் டீச்சரின் நோட்ஸுக்கு, அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸில் தனி மவுசு இருந்தது. மூன்றாம் படிவத்தில் அரசாங்கத் தேர்வு இருந்த காலத்தில், அவர் பலகையில் எழுதியதை வரி மாறாமல் மனப்பாடம் செய்தவன் அறிவியலில் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவான். கல்யாண வீட்டில் பார்த்தாலும் பழைய மாணவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்தும் இருந்தது, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பிறகு அந்தத் தேர்வையே நீக்கிவிட்டார்கள். இனிமேல் பிள்ளைகளே கேட்கவேண்டும், பிள்ளைகளே செய்து பார்க்கவேண்டும், ஆசிரியர் ஓரமாக நின்று துணைசெய்தால் போதும் என்று கருத்தரங்குக்குக் கருத்தரங்கு சொன்னார்கள். ஓரம் என்றால் எந்த ஓரம், அங்கே நின்றுகொண்டு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. டோரிஸுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. வருடக் கடைசியில் விருப்ப ஓய்வில் போய்விடுகிறேன் என்று பள்ளி முதல்வர் புவான் சல்மாவிடம் சொல்லிவிட்டார்.

முதல்வர் கெஞ்சவும் இல்லை, சரி என்று தலையாட்டவும் இல்லை. “ஒரே ஒரு பாடம் புது முறையில் எடுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். அதற்குப் பிறகும் போகவேண்டும் என்றால் நான் தடுக்கமாட்டேன்” என்றார் மலாயில்.

தடுக்காதவரை லாபம் என்று டோரிஸ் ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள் வேறு ஒன்று இருந்தது. பிள்ளைகளை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. உதவாதவளாக இருந்துகொண்டு சம்பளம் வாங்கவும் மனம் இல்லை.

தம்போயிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வரும் இளம் ஆசிரியர் ஹேமநாதன்தான் யோசனை கொடுத்தான். “டீச்சர், அன்னாசிப் பழ ஜெல்லி செய்யச் சொல்லுங்க. அப்பதான் வெட்டுன பச்சப் பழம் போட்டா ஜெல்லி கெட்டியாவாது, தண்ணியாவே இருக்கும். டின்ல வர்ற பழம் போட்டா கெட்டியாயிரும். ஏன்னு புள்ளைங்க மண்டைய ஒடச்சிக்கட்டும். நம்ம ஊர்ல அன்னாசிக்கா பஞ்சம்?”

சனிக்கிழமை டோரிஸ் கடைக்குப் போனார். ஹேமநாதன் எழுதிக் கொடுத்த ஜெலட்டின் ஒரு மூலையில் கிடைத்தது. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று போடவில்லை, ஹலால் முத்திரையும் இல்லை. இரண்டாம் படிவ வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். சைவம் சாப்பிடுகிற லோஷினி வேறு இருக்கிறாள். செய்ததைத் தின்னாமல் எந்தப் பிள்ளை கப்பைக் கீழே வைக்கும்? பொட்டலம் அலமாரிக்கே திரும்பியது. அதற்குப் பதில், கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் கிண்டுகிற அகார் அகாரை வாங்கிக்கொண்டார். கெட்டியாவதற்கு ஒரு பொருள், எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தார். அந்தக் கடையில் இருந்த எந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. குழுவுக்கு இரண்டு கப். ஒன்றில் பச்சைப் பழம், ஒன்றில் டின் பழம். முதல்வர் கடைசி மேசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அகார் அகாரைக் காய்ச்சிக் கொஞ்சம் ஆறவைத்து ஊற்றியாயிற்று. கெட்டியாகும் வரை டோரிஸுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? அது பேனாவை எடுத்தது. பலகையில் நோக்கம் எழுதியது, பொருள்கள் எழுதியது, பழக்கதோஷத்தில் முடிவையும் எழுதிவிட்டது: ‘பச்சை அன்னாசி சேர்த்த ஜெல்லி கெட்டியாகாது.’ பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு கப்புகளைத் தட்டில் கவிழ்க்கச் சொன்னார். பச்சைப் பழம் போட்டது கும்மென்று நின்றது. டின் பழம் போட்டதும் கும்மென்று நின்றது. எல்லா மேசையிலும் அதே கதை.

டோரிஸுக்கு முதல்வர் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. வேறு பக்கம் பார்த்தபோதுதான் டாரில் கண்ணில் பட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு உதவுகிற, ஒரு வம்புக்கும் போகாத பிள்ளை. அவன் கரண்டியை எடுத்து, பச்சைப் பழ அகார் அகாரைக் கொத்திக் கூழாக்கிக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை தலைதூக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு மறுபடியும் கொத்தினான்.

ஏமாற்றுகிறவன் முகமே இல்லை அது. டீச்சர் எழுதியது தப்பாக இருக்காது என்று நம்புகிற முகம். இத்தனை வருடமும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேனா என்று டோரிஸ் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அப்போது லோஷினி தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். வகுப்பில் மலாய் பேசுகிறவளுக்குப் பக்கத்தில் வந்ததும் தமிழ் வந்துவிட்டது.

“டீச்சர், எங்களோடது ரெண்டுமே கெட்டியாயிருச்சி. நான் இன்னும் முடிவு எழுதல. போர்ட்ல இருக்கறத எழுதவா, கப்ல இருக்கறத எழுதவா?”

எங்கேயோ தப்பு நடந்துவிட்டது, பலகையில் உள்ளதையே எழுதிக்கொள் என்று சொல்லிவிடலாம். முதல்வர் முன்னால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். டோரிஸின் நாக்கு நுனிவரை அது வந்தது. டாரிலின் கரண்டி இன்னும் கொத்திக்கொண்டிருந்தது.

“கப்ல இருக்கறத எழுதும்மா” என்றார். துடைப்பானை எடுத்து, தான் எழுதிய முடிவைப் பலகையிலிருந்து அழித்தார். பிறகு வகுப்பைப் பார்த்து மலாயில் சொன்னார்: “நான் நினைத்தது நடக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.”

அவர் வகுப்பில் அந்த வார்த்தைகளைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபின் கூரை இடிந்து விழவில்லை. இடிந்ததெல்லாம் பிள்ளைகளின் அமைதிதான். பழம் சரியில்லை என்றான் ஒருவன். எங்கள் தோட்டத்துப் பழத்தையா சொல்கிறாய் என்று இன்னொருவன் சண்டைக்குப் போனான். நூருல் ஐன் எழுந்து, “டீச்சர், வீடியோவில் எல்லாம் ஜெலட்டின்தானே போடுகிறார்கள்? அது விலங்கிலிருந்து வருவது. அகார் அகார் கடல்பாசி. பழம் விலங்குப் பொருளை மட்டும் கரைக்குமோ?” என்று கேட்டாள். நோட்ஸில் இல்லாத கேள்வி அது. டோரிஸுக்கு மேனி சிலிர்த்தது. மணி அடித்தும் யாரும் எழவில்லை.

எல்லாரும் போனபின் முதல்வர் ஒரு துண்டு அகார் அகாரை வாயில் போட்டுக்கொண்டு, “அடுத்த பாடத்தில் என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“மீன் ஜெலட்டின் வாங்கவேண்டும், ஹலால் முத்திரையோடு. ஹேமநாதன் வீட்டுப் பக்கம் கேக் சாமான் கடை இருக்கிறதாம். லோஷினி சாப்பிடமாட்டாள், அவளுக்குத் தனியாக அகார் அகார் கிண்டிவிடலாம்...” மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனவர், முதல்வர் சிரிப்பதைப் பார்த்து நிறுத்தினார். வருடக் கடைசியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் கேண்டீன் நடத்தும் செல்லம் குளிர்பெட்டியில் ஓர் அடுக்கை ஒதுக்கிக் கொடுத்தார். முதல் நாள் ஊற்றிவைத்த மீன் ஜெலட்டின் கப்புகளைக் காலையில் கவிழ்த்தபோது பச்சைப் பழம் போட்டதெல்லாம் தண்ணீராக ஓடியது. “அலமாக்!” என்று வகுப்பே ஆச்சரியத்தில் கத்தியது. பலகையில் முடிவு என்ற சொல்லுக்குக் கீழே டோரிஸ் ஒன்றும் எழுதவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

டாரில் தயங்கித் தயங்கித் தட்டோடு வந்தான்.

“டீச்சர், எல்லாருக்கும் தண்ணியாயிருச்சி லா. எனக்கு மட்டும் பாதி தண்ணி, பாதி கெட்டி. பழம் கம்மியா போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்.” தட்டைக் கொஞ்சம் நீட்டினான். “நான் அப்படியே எழுதிட்டேன். சரியா டீச்சர்?”

டோரிஸ் தட்டைப் பார்த்தார். கரண்டி படாத அரைகுறை ஜெல்லி நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரொம்ப நன்றிப்பா” என்றார்.

எதற்கு நன்றி என்று டாரிலுக்குப் புரியவில்லை. சரி என்றுதான் அர்த்தம் போல என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு கப்பில் பழத்தைக் கூட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான்.