ஆரஞ்சுச் செதில்கள்

பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுத் துடைப்பத்தை வைக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். குடியிருப்புக் குளத்தை ஒட்டிப் போட்டிருக்கும் மரப்பலகை மேடையில், தினமும் கிடக்கும் அதே மூலையில், அதே கறுப்புக் கழிவு. அதற்குள் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு செதில் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. குச்சியால் கிளறினேன். இன்னும் நாலைந்து செதில்கள், ஊசி ஊசியாக முட்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல வந்தது எனக்கு.

நான்கு மாதமாக இந்த மூலையைக் கழுவுகிறவள் நான்தான். ஏதோ பூனை வேலை என்று நினைத்திருந்தேன். நாற்றம் பூனையுடையது மாதிரி இல்லை, அழுகிய மீன் மாதிரி இருந்தது. ஆனால் என்னை யார் யோசிக்கச் சொன்னது? ஏழு மணிக்கு நடக்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று சொன்னார்கள். படாமல் பார்த்துக்கொண்டேன், ஒருநாள் தவறாமல். அதே நான்கு மாதத்தில் குளத்திலிருந்து பதினோரு வண்ணமீன்கள் காணாமல் போயின. பழி என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் திருடவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே தினமும் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

அவர் இந்தக் குடியிருப்பின் இரவுக் காவலாளி. இரவில் குளத்துப் பக்கம் போகிற ஒரே ஆள் அவர்தான், அதனால் அவர்தான் திருடன். கேமராக்கள் இல்லாமல் இல்லை. அத்தனையும் கார்களைப் பார்த்து நிற்கின்றன. நேற்று மாலை குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார். மீன்களை நான்தான் எடுத்தேன், இந்த ஒருமுறை மன்னிக்கவும் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் போலீஸ். இந்த மனிதர் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மீன் வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிற ஆள்.

"எடுக்காத மீனுக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்றேன்.

"விடு. வேலை இருக்குல்ல."

"திருடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"கத்தாத. பிள்ளைங்க காதுல விழும்."

பிள்ளைகள் காதில் விழக்கூடாதாம், அந்தத் தாள் மட்டும் கண்டவன் அலமாரியில் காலத்துக்கும் கிடக்கலாமாம். தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துபோனேன். இரவெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடை இன்னும் வலிக்கிறது.

கழிவை ஒரு பழைய செய்தித்தாளில் அள்ளினேன். செயலாளர் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் அவருக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரித்துவைத்தேன்.

"என்னம்மா இது?"

"உங்க மீன் சார்."

நாற்காலியோடு பின்னால் போனார். "சீ! முதல்ல இத எடு!"

"நல்லாப் பாருங்க சார், செதில் தெரியுது. இத எது போட்டுச்சோ அதுதான் மீனத் தின்னுருக்கு. ராத்திரி வந்து தின்னுட்டு, போட்டுட்டுப் போயிருக்கு."

"ஏதாவது பூனையா இருக்கும்."

"இருக்கட்டும். அப்போ பூனைகிட்ட கையெழுத்து வாங்குங்க."

அவர் முகம் சிவந்தது. "வாய் ரொம்ப நீளுது உனக்கு. போய் பினாயில் எடுத்துட்டு வந்து மேசையத் துடை."

அப்போதுதான் வெளியே யாரோ கத்தினார்கள். குளத்துப் பக்கம் ஆட்கள் ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. செயலாளரும் ஓடினார், பின்னாலேயே நானும்.

மேடையில், நன்றாக விடிந்த வெளிச்சத்தில், ஒரு நீர்நாய் உட்கார்ந்திருந்தது. நீளமான உடம்பு, நனைந்த பழுப்பு மயிர், தட்டையான தடித்த வால். முன்னங்கால்கள் இரண்டாலும் ஒரு ஆரஞ்சு மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்றது. கடிபடும் சத்தம் கரைவரை கேட்டது. பக்கத்தில் இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கீச்சிட்டன. மதிலுக்கு அந்தப் பக்கக் கால்வாயிலிருந்து மழைநீர்க் குழாய் வழியாக வந்திருக்க வேண்டும். நடைக்கு வந்த ஒருவரின் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தது. நீர்நாய் ஒரு முறை பல்லைக் காட்டிச் சீறியது. நாய் எஜமானின் கால்களுக்கு இடையில் புகுந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயோ, எவ்வளவு அழகு!"

"குட்டியப் பாரு, குட்டியப் பாரு!"

செயலாளர் முட்டி போட்டுப் படம் எடுத்தார். "யாரும் கிட்டப் போகாதீங்க, பயந்துடும். நம்ம குளத்தத் தேடி வந்திருக்கு பாருங்க!"

நம்ம குளமாம். பதினோரு மீனுக்காக ஒரு மனிதனைப் போலீஸில் கொடுக்கப் பார்த்தவர்கள், பன்னிரண்டாவதை அது கடித்துத் தின்பதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நீர்நாய்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பசி, தின்கிறது. யாரிடமும் எதுவும் எழுதி வாங்கவில்லை. வேலை முடிந்து கிளம்பவிருந்த என் வீட்டுக்காரரும் சத்தம் கேட்டு வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், அந்த லெட்டர்" என்றேன்.

"அப்புறம் பேசலாம்மா. அது ஃபைல்ல போயிடுச்சு."

"எடுத்துக் குடுங்க."

"இப்ப இதுதான் முக்கியமா? மெதுவாப் பேசு, சத்தம் கேட்டா ஓடிடும்."

ஓடிவிடுமா? என் தகர வாளி அங்கேதான் இருந்தது. அதைத் தூக்கி இடதுகையில் பிடித்துக்கொண்டு, வலதுகையில் துடைப்பக் கட்டையை ஓங்கினேன்.

"லெட்டர் வரட்டும். இல்லேன்னா வாளியத் தட்டிடுவேன்."

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. "ஏம்மா, என்ன பண்ற நீ?" என்றது ஒரு குரல். "என்ன லெட்டர் சார் அது?" என்றார் நாய்க்காரர்.

"என் வீட்டுக்காரர் இந்த மீனையெல்லாம் திருடுனாருன்னு நேத்து எழுதி வாங்கின லெட்டர்."

ஒவ்வொருவராகத் திரும்பிப் பின்னால் நின்ற அவரைப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் முதல்முறையாக இருக்கும். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேணாம், விட்டுடு" என்று உதடு அசைந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றேன், அவரைப் பார்க்காமலே.

"குடுத்துத் தொலைங்க சார், ஓடிடப் போகுது" என்றார் நாய்க்காரர். நீர்நாயைப் பார்த்திருந்த போன்களில் சில என் பக்கம் திரும்பின. செயலாளரின் கை சட்டைப்பைக்குப் போனது, அலமாரிச் சாவிக்கா போலீஸைக் கூப்பிடவா என்று தெரியவில்லை. நீர்நாய் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு மிச்சமிருந்த வாலைக் குட்டிகளுக்கு முன்னால் போட்டது. அவை அதற்காக அடித்துக்கொண்டன. ஓங்கிய கை வலிக்கத் தொடங்கியிருந்தது, நான் அதைக் கீழே இறக்கவில்லை.