ஒரு சுற்று அதிகம்

பட்டறையிலிருந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போது, சமையல் சாய்ப்பின் தகரத்தில் அந்தச் சின்ன ரெக்கார்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கு விரித்து மிளகாய். மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தது. ரெக்கார்டு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் மடங்கிப் போயிருந்தது. கையில் எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

செல்லி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து, பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அழுக்கா இருந்துதுங்க. பூந்திக்கொட்ட தண்ணியில கழுவி வெச்சன். நீங்களும் அப்பிடித்தான கழுவறீங்க?"

"நான் நெழல்ல காய வெப்பன்."

"அத எங்க சொன்னீங்க?" என்றாள்.

நான் கை கால் கழுவப் போனேன். கோபம் வந்தால் எனக்கு வாய் வராது. இருமல்தான் வரும்.

அந்த ரெக்கார்டை இரண்டு வருஷமாகத் தேடியிருக்கிறேன். மாரண்டஹள்ளியில் மைக்செட் கடை வைத்திருக்கும் குப்புராஜ் என் கூட்டாளி. எண்பத்து நான்கு, எண்பத்தைந்திலேயே எல்லாக் கடைக்காரர்களும் கேசட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். ரெக்கார்டை மூட்டை கட்டிப் பழைய பிளாஸ்டிக்காரனுக்குப் போட்டார்கள். அதில் டான்ஸ் பாட்டு இருக்கும் சின்ன ரெக்கார்டுகளை மட்டும் நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். தாரை, பேங்கோஸ் கொட்டு, நடுவில் ஒரு பெண்பிள்ளை சிரிக்கும் சத்தம், இப்படி ஏதாவது இருக்கும். கழுவி, கீறலைப் பார்த்து, முள் நிற்காத இடத்தில் முள்ளின் தலைமேல் ஒரு வாஷரை வைத்து ஓட்டி, நன்றாக வந்தால் குப்புராஜ் அதைக் கேசட்டில் ஏற்றிக்கொள்வான். பழைய காலண்டர் தாளில் உறை தைத்து, அதன்மேல் பாட்டின் பெயரை நானே எழுதுவேன். முப்பத்தாறு வயதுக்குமேல் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் நடந்த சாயங்காலப் பள்ளியில் ரோசம்மா டீச்சரிடம் எழுத்துக் கற்றவன் நான். கல் அறுக்கும் கையில் பேனா பிடித்து எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் கொஞ்சம் ஆழமாகவே பதியும். தாளின் பின்பக்கத்தைத் தடவியே என்ன பாட்டு என்று சொல்லிவிடலாம் என்பான் குப்புராஜ்.

இதெல்லாம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் செல்லியைத்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரெக்கார்டு டான்ஸ் குழுவில் ஆடினவள். நோட்டீசில் 'பெங்களூர் பேபி' என்று போடுவார்களாம். கடத்தூரில் பிறந்தவள். பெங்களூரை இன்றுவரை பார்க்காதவள். குழு கலைந்தபிறகு எங்கள் கல் பாலிஷ் பட்டறைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்தாள். அங்கேதான் பழக்கம். பட்டறையில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு தேரில், ஏதாவது ஒரு திருவிழாவில் அவள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். நான் அப்போது ஓசூரில் ஒரு கல் பட்டறையில் கிடந்தேன். அவள் ஆடிப் பார்க்காதவன் அந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

"யாகப்பா, கம்பைநல்லூர்ல பேபி ஆடுனா பாரு, மேடை பலகையே ஒடைஞ்சுபோச்சு," என்பான் சென்றாயன், மெஷினை நிறுத்திவிட்டு. "உன்னையாட்டம் கொடுப்பின இல்லாதவன் எவன்டா இருக்கறான்? வூட்டுலயே தேர வெச்சிக்கிட்டு வடம் புடிக்கத் தெரியல."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச நாள் வேலைக்கு வந்த செல்லி தண்ணீர்க் குழாயைச் சென்றாயன் காலடிக்குத் திருப்புவாள். அதோடு போய்விடும்.

ஆடிக் காட்டு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வேலைக்கு ஊரில் என்ன பேர் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அவளை மருமகளாகக் கோயிலுக்குள் கூட்டிவந்தபோது எங்கள் பக்கத்து ஜனங்களில் சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கேட்டால், இவனும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன்தானோ என்று அவள் நினைப்பாளோ? அதனால் கேட்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது அவள் ஒரு பாட்டை முனகுவாள். ஒரே பாட்டு. வார்த்தை இருக்காது, மெட்டு மட்டும். அதில் ஓர் இடத்தில் ஒரு வரி ஏறி, திரும்ப அதே வரி ஏறி, அப்புறம்தான் இறங்கும். அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து வீட்டில் போட்டால், நான் வாய் திறந்து கேட்காமலே ஏதாவது நடக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

போன வாரம் குப்புராஜ் கம்பைநல்லூரிலிருந்து வந்த ஒரு மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். நீல லேபிள் ஒட்டிய ஒன்று, ஒரே கரகரப்பு. அதற்குள்ளிருந்து அந்த மெட்டு வந்தது. பிளேயர் பக்கம் குனிந்தேன். ஆனால் அந்த வரி ஒருதரம்தான் வந்தது. ஏறியது, இறங்கிவிட்டது.

"இதுதானாடா?" என்றான் குப்புராஜ்.

"இதுதான். ஒரு வரி கொறையுது."

"வூட்டுக்காரி மறந்திருப்பா. எடுத்துக்கினு போ."

கொண்டுவந்து, உறையின்மேல் 'செல்லி பாட்டு' என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை கழுவிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தேன். என்ன பாட்டு என்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.

கை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் இது உறைத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் ரெக்கார்டு எதையும் தொட்டதில்லை. இதை மட்டும் எடுத்திருக்கிறாள். நான் வரும்வரை பொறுக்காமல் கழுவியிருக்கிறாள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்திருக்கிறாள். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே போய், "சோறு போடு," என்றேன். அவள் தட்டு வைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

"போச்சுங்களா?" என்றாள் கடைசியில்.

"பாக்கலாம். கல்லுகிட்ட கேட்டுப் பாக்கறன்."

மறுநாள் அதைச் சட்டைக்குள் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓரம் உடைந்து கழித்துப் போட்ட கருங்கல் பலகைகள் அங்கே நிறையக் கிடக்கும். முகம் பார்க்கலாம், அவ்வளவு பாலிஷ். இரண்டு துண்டை எடுத்து வெயிலில் வைத்தேன். கறுப்புக் கல் எங்கள் ஊர் வெயிலை எப்படிக் குடிக்கும் என்று அதில் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். மத்தியானத்தில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூடு கூடாது, ரெக்கார்டு களியாகிவிடும். புறங்கை வைத்தால் வலிக்காமல், ஆனால் எடுக்கத் தோன்றுகிற சூடு போதும் என்று பட்டது. அந்தப் பதம் வந்ததும் கீழ்க்கல்லில் தாளை விரித்து, ரெக்கார்டை வைத்து, மேலே இன்னொரு தாள், மேல்கல். பிறகு அப்படியே நிழலுக்கு நகர்த்திவிட்டேன்.

சென்றாயன் குனிந்து பார்த்தான். "இன்னாடா, போளி சுடறியா?"

"ஆமா. உனக்குக் கெடையாது."

"பேபி பாட்டா?" என்றான் அவன், குரலை இறக்கி. நான் தலையாட்டினேன். எப்போதும் அடுத்து ஒரு கேலி வரும். அன்றைக்கு வரவில்லை. கல் ஆறுகிறவரை அந்தப் பக்கமாக யாரும் வண்டி தள்ளாமல் அவன்தான் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் பிரித்தபோது பாதி வளைவு போயிருந்தது. அடுத்த நாளும் வைத்தேன். அதற்கடுத்த நாள் ரெக்கார்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் அலை, மற்றபடி கல்லின் மட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சூட்கேஸ் மாதிரி மூடும் ரெக்கார்டு பிளேயரைத் திறந்து கூடத்தில் வைத்தேன். செல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் முள்ளை இறக்கினேன்.

பூந்திக்கொட்டையில் கழுவினது நல்ல கழுவல். கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. பேங்கோஸ் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. ஓரத்து அலையில் முள் படகுபோல ஏறி இறங்கியது, ஆனால் விழவில்லை. செல்லி எழுந்து வந்து தூணில் சாய்ந்து நின்றாள். கையில் கீரைக் காம்பு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதத்தைப் பார்த்தேன். பெருவிரல் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது, இதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வரி வந்தது. ஏறியது.

செல்லி தூணைவிட்டு நகர்ந்து சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றினாள். கீரைக் காம்பு பறந்தது. நின்ற வேகத்தில் இன்னொரு சுற்றுக்குத் தோளைத் திருப்பினாள், பாதி சுற்றிவிட்டாள், பாட்டு அவளை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டது. ஒற்றைக் காலில் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"என்ன புள்ள?"

"எங்க செட்டு ரெக்கார்டுல இந்த எடத்துல ஒரு கீறலுங்க. முள்ளு பின்னால குதிச்சி அந்த வரி திரும்ப வரும். வேற ரெக்கார்டு வாங்க மாட்டன்னுட்டாரு மொதலாளி. அதனால டான்ஸ் மாஸ்டரு அந்த எடத்துல எனக்கு இன்னொரு சுத்து சேத்துட்டாரு. ஜனங்க அதுக்குத்தான் விசில் அடிப்பாங்க. பாட்டே அப்பிடித்தான்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தன் பாருங்க."

"அப்ப இது நல்லா இருக்கறதுதான் தப்பா?"

"ஆமாங்க. கெட்டதுதான் எனக்குப் பழக்கம்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

அவளே போய் வாசற்கதவைச் சாத்தினாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். அது காலையில் பூசைக்குக் கட்டின சிவப்புச் சேலை.

"திரும்பப் போடுங்க. அந்த எடம் வரும்போது முள்ள ஒரு நூலு பின்னால தூக்கி வெக்க முடியுமா?"

முடியும் என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது. என் விரல் ஒவ்வொன்றும் உளிப்பிடி கனம். அந்த முள்ளின் கை தீக்குச்சி மாதிரி. பிளேயர் முன்னால் முழங்கால் போட்டு, மூச்சைப் பிடித்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் முள்ளின்மேல் தொடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. பின்னால் அவள் பாதம் தரையில் விழும் சத்தம். குதிகால், பாதம், குதிகால். வளையல் சத்தம். தரை அதிர்ந்து என் முழங்காலுக்கு வந்தது.

திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் இடம் தவறிப் போகும்.

வரி ஏறிக்கொண்டு வந்தது. நான் முள்ளையே பார்த்தேன். முள்ளுக்குக் கீழே, கல்லில் கிடந்து மினுமினுப்பேறிய அந்தக் கறுப்பில், சிவப்பாக ஒன்று சுற்றிப் போனது. நான் விரலை இறக்கினேன்.