இருபது நிமிடக் குளிர்

அந்த வீட்டில் மெஷினுக்கு நடந்த உபசாரம் மனுஷிக்கு நடந்ததில்லை. ஐஸும் தண்ணீரும் நிரப்பிய டப்பா, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் தோளைச் சுற்றி மாட்டும் பட்டை. சுவிட்சைப் போட்டால் பட்டை உப்பி, சில்லிட்டு, தோளை இறுக்கிப் பிடிக்கும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், நாளைக்கு நாலு தடவை. தோள் லாரி டிரைவருடையது; மாட்டுவதும் கழற்றுவதும் அவன் மனைவி பொறுப்பு.

"இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று எதிர்வீட்டு அக்கா வாய் ஓயாமல் சொன்னாள். கொடுத்து வைத்தவன்தான், போங்கள்! மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அளந்துவிட்டிருந்தான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் குனிந்தாள். ஓங்கிய கை அவள் கன்னத்துக்குப் பதில் கதவு நிலையில் போய் மோதியது. தோளில் தசைநார் கிழிந்தது.

ஆப்பரேஷனுக்குப் பிறகு எட்டு வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதைச் சொல்ல என்ன வெட்கம்?

பிறகு பிசியோதெரபிஸ்ட் வந்தார். நல்ல மனுஷர், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"நீங்க எதிர்ல நின்னு உள்ளங்கையை நீட்டுங்கம்மா, சார் தொடட்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க. முடிஞ்சதும் மெஷினை மாட்டிடுங்க, வீக்கம் வராது."

முதல் நாள் அவள் இடுப்பளவில் கையை நீட்டினாள். பத்து நாளில் அது நெஞ்சுக்கு வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டான்.

இன்று காலை தோளுயரம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னும் நாலு விரக்கடைதான்டி. அன்னைக்குக் குனிஞ்சியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. உக்காருங்க, மெஷின் போடணும்."

தோல் கன்றிவிடாமல் அடியில் வைக்கும் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். பட்டையை மாட்டினாள்.

"நடுவுல எந்திரிக்காதீங்க, குழாய் கழண்டுக்கும்."

பட்டை உப்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அழுக்குத் துணிக் கூடைக்குள் பை நேற்றே தயாராக இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தால் பதினைந்து நிமிடம் ஆகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினாள்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"என்னம்மா இவ்வளவு அவசரம்? ஐஸ் தீந்துபோச்சா?"

"ஆமாக்கா" என்றவள், செருப்பைப் போடாமலே ஓட ஆரம்பித்தாள்.